ஆஸ்பராகஸும் நம்ம ஊர் தண்ணீர்விட்டானும்

வைகை அணைக்குப் போயிருக்கிறீர்களா? ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில், 1959-ல் திறக்கப்பட்ட அணை. 71 அடி வரை தண்ணீர் தேங்கும் நீர்த்தேக்கம், இரண்டு பக்கமும் பூங்கா, பொரித்த மீன்... குடும்பத்தோடு போகிறவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அடுத்த தடவை போனால், அங்கிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு வழியாக வருசநாடு போகும் பாதையில் கரட்டு ஓரத்து முள்புதர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மழை பெய்து நாலு வாரம் ஆகியிருந்தால், புதர் மேலே பச்சைப் பஞ்சை உதறிப் போட்டது மாதிரி ஒரு மெல்லிய கொடி படர்ந்திருக்கும். தொட்டால் பஞ்சு. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் முள்!

அதுதான் தண்ணீர்விட்டான். வடமொழியில் சதாவரி. கடைக்காரர்களும் செல்போன் விளம்பரக்காரர்களும் 'ஷதாவரி' என்று சொல்லி விற்பது இதைத்தான்.

இதைப் பற்றி எழுதச் சொல்லி எனக்கு வந்த கேள்விகள் இரண்டு விதம். "டாக்டர், சூப்பர் மார்க்கெட்டில் ஆஸ்பராகஸ் என்று ஒரு காய் வைத்திருக்கிறார்கள். அதுவும் சதாவரியும் ஒன்றுதான் என்கிறார்களே, கிழங்குக்குப் பதில் அந்தக் காயைச் சாப்பிடலாமா?" என்பது ஒன்று. "பிள்ளை பெத்தவளுக்குப் பால் பத்தலை, தண்ணீர்விட்டான் கிழங்கு எவ்வளவு கொடுக்கணும்?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னால் காசு நஷ்டம். இரண்டாவதற்குத் தப்பாகச் சொன்னால் ஒரு பச்சைக் குழந்தை மெலியும். அதனால் இரண்டையும் ஒழுங்காகப் பார்த்துவிடலாம்.

முதலில் உறவுமுறை. ஓட்டலில் சூப்பிலும் சாலட்டிலும் போடுகிற ஆஸ்பராகஸும் நம் தண்ணீர்விட்டானும் ஒரே இனத்தைச் சேர்ந்த வேறு வேறு செடிகள். அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாவரவியல் பெயரில் நம்முடையது ஆஸ்பராகஸ் ரெசிமோசஸ், காய்கறிக் கடையில் இருப்பது ஆஸ்பராகஸ் அஃபிசினாலிஸ். கல்யாண வரவேற்பில் பூங்கொத்துக்கு நடுவே மெல்லிய பச்சை இலை வைப்பார்களே, அதுவும் இந்த இனத்தில் மூன்றாவது ஒருவன். அவன் அழகுக்கு மட்டும்தான். அவனுடைய பழத்தைக் குழந்தைகள் வாயில் போட்டால் வாந்தி, வயிற்றுவலி வரும். தொட்டியில் வளர்க்கிறவர்கள் கவனம்.

இந்த இனத்துக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. நாம் இலை என்று நினைக்கிற அந்த ஊசி ஊசியான பச்சை, இலையே கிடையாது. அது தண்டின் கிளை. நிஜ இலை சுருங்கி செதிலாகவும் முள்ளாகவும் போய்விட்டது. வறட்சியில் தண்ணீரை ஆவியாக விடாமல் காப்பாற்றச் செடி செய்துகொண்ட ஏற்பாடு. மண்ணுக்குக் கீழே போனால் இன்னும் சாமர்த்தியம். தண்ணீர்விட்டானைத் தோண்டினால் ஒரு கிழங்கு வராது, கொத்தாக வரும். விரல் பருமனில், நடு பருத்து இரண்டு பக்கமும் கூராக, வெளிறிய நிறத்தில், வயதான செடியாக இருந்தால் நூறு கிழங்கு வரைகூட இருக்கலாம். வடமொழியில் இதற்கு 'சதமூலி', அதாவது நூறு வேர் உடையவள், என்றும் ஒரு பெயர். புதிதாகத் தோண்டிய கிழங்கை ஒடித்துப் பார்த்தால் நீர் கசியும். தமிழ்ப் பெயருக்கு விளக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

ஓட்டல் ஆஸ்பராகஸில் நாம் சாப்பிடுவது கிழங்கு இல்லை, முளை. குளிர் நாடுகளில் பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் தூங்கிவிட்டு, வசந்தம் வந்ததும் நிலத்தைப் பிளந்துகொண்டு மூங்கில் குருத்து மாதிரி எழும்பும். ஒரு சாண் உயரம் வருவதற்குள் அறுத்துவிட வேண்டும். விட்டால் விரிந்து ஆள் உயரப் புதராகிவிடும். நட்ட முதல் இரண்டு வருடம் அறுவடை கிடையாது, வேர் பலம் பிடிக்க விட்டுவிடுவார்கள். அதன்பிறகு பத்துப் பதினைந்து வருடம் அதே பாத்தி கொடுத்துக்கொண்டே இருக்கும். ஜெர்மனிக்காரர்களுக்கு இது ஒரு திருவிழா. மண்ணை மேடாக அணைத்து, வெயிலே படாமல் வெள்ளையாக வளர்த்து, வசந்த காலம் பூராவும் தின்றுவிட்டு ஜூன் 24-ம் தேதியோடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள். பச்சை, வெள்ளை இரண்டும் வேறு செடி இல்லை. வெயில் பட்டால் பச்சை, படாவிட்டால் வெள்ளை. அவ்வளவுதான்!

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை விளைகிறது, வாழை விளைகிறது, இது ஏன் விளையக்கூடாது என்று ஒரு விவசாயி என்னிடம் கேட்டார். வருடத்தில் கொஞ்ச காலமாவது அந்தச் செடி ஓய்ந்து தூங்க வேண்டும். நம் சமவெளி வெயிலில் தூங்காமல் முளைத்துக்கொண்டே இருந்தால் குருத்து மெலிந்துபோகும். மேலே குளிர்ந்த மலையில் சிறிய அளவில் பண்ணலாம்.

சரி, அந்தக் காயில் என்ன இருக்கிறது? 100 கிராமில் 93 கிராம் தண்ணீர்தான். சுமார் 20 கலோரி, 2 கிராம் புரதம், 2 கிராம் நார்ச்சத்து. ஃபோலேட் எனும் சத்து சுமார் 50 மைக்ரோகிராம். நல்ல காய்தான், மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஃபோலிக் அமிலத்துக்காக என்று சொல்லி விலை கொடுத்து வாங்குகிறார்களே, அவர்களுக்கு ஒரு வார்த்தை. 100 கிராம் சாப்பிட்டால் அவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். கீரை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு போன்றவற்றில் இந்தச் சத்து தாராளமாகவே இருக்கிறது. அந்த ஒரு கட்டு வாங்குகிற காசில் ஒரு வாரத்துக்குக் கீரை வாங்கலாம். மருத்துவமனையில் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையை எந்தக் காயை நம்பியும் நிறுத்தக்கூடாது.

ஆசைக்குச் சாப்பிடுகிறீர்களா, தாராளமாகச் சாப்பிடுங்கள். தண்டை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் நார் முடிகிற இடத்தில் தானாக ஒடியும். அடிப்பகுதி சூப்புக்கு. மேல்பகுதியை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, நாலு நிமிடம் வதக்கி, மிளகுத்தூளும் தேங்காய்த்துருவலும் போட்டு இறக்கிவிடலாம். பீன்ஸ் மாதிரி வேகவைத்துக் குழைத்துவிடாதீர்கள், காசும் போகும் ருசியும் போகும். வாங்கி வந்தவுடன் சமைக்க முடியாவிட்டால், பூச்செண்டு வைப்பதுபோல் ஒரு டம்ளர் தண்ணீரில் நிற்க வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சாப்பிட்ட பிறகு சிறுநீரில் ஒரு விசித்திரமான வாடை வரும். "டாக்டர், கிட்னி கெட்டுப்போச்சா?" என்று பதறிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கெடவில்லை. அந்தக் காயில் உள்ள கந்தகம் சேர்ந்த ஓர் அமிலம் உடைந்து வெளியேறுகிற வாடை. சிலருக்கு அது தெரியவே தெரியாது. சில மணி நேரத்தில் சரியாகிவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிற இதய நோயாளிகள் மட்டும் திடீரென்று அதிகமாகச் சாப்பிட வேண்டாம். இதில் வைட்டமின் கே இருப்பதால் மாத்திரையின் வேலையைக் குறைக்கும்.

இன்னொரு வதந்தியையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 1806-ல் பாரிஸில் வோக்லான், ரோபிகே என்ற இரண்டு வேதியியலாளர்கள் இந்தக் காயின் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். உலகில் முதன்முதலில் பிரிக்கப்பட்ட அமினோ அமிலம் அதுதான். காயின் பெயராலேயே 'ஆஸ்பரஜின்' என்று வழங்கப்படுகிறது. குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு, இந்த ஆஸ்பரஜினை உடைக்கும் ஒரு நொதியை ஊசி மருந்தாகக் கொடுக்கிறார்கள். அதை பாக்டீரியாவிலிருந்து தயாரிக்கிறார்கள், காயிலிருந்து அல்ல. பெயர் ஒற்றுமையை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் 'ஆஸ்பராகஸ் புற்றுநோயைக் குணமாக்கும்' என்றும், இன்னொரு பக்கம் 'புற்றுநோயைப் பரப்பும்' என்றும் செல்போனில் அனுப்புகிறார்கள். இரண்டும் வேண்டாத பேச்சு. ஆஸ்பரஜின் பாலில் இருக்கிறது, முட்டையில் இருக்கிறது, உருளைக்கிழங்கில் இருக்கிறது, நம் உடம்பே தயாரித்தும் கொள்கிறது.

இனி நம்ம ஊர் தண்ணீர்விட்டானுக்கு வருவோம்.

சித்த மருத்துவத்தில் இதன் சுவை இனிப்பு, வீரியம் தட்பம். உள்ளழலாற்றி, உரமாக்கி, பாற்பெருக்கி என்று குணபாடத்தில் படிக்கிறோம். உள்ளே உள்ள அழற்சியை ஆற்றும், உடலுக்கு உரம் கொடுக்கும், பால் பெருக்கும் என்று அர்த்தம். வயிற்றெரிச்சல், நீர்க்கடுப்பு, கோடையில் உடம்பு காந்துவது, நோயிலிருந்து எழுந்தவரின் மெலிவு இவற்றுக்கு வழிவழியாகக் கொடுத்து வருகிறோம். சூரணமாக, லேகியமாக, நெய்யாகத் தயாரிப்பது வழக்கம். கிழங்கை அப்படியே காயவைத்து இடித்தால் மருந்தாகாது. மேல்தோலை உரித்து, நடுவில் ஓடும் நரம்பையும் உருவி எடுத்துவிட்டுத்தான் காயவைக்க வேண்டும். பச்சைக் கிழங்கில் இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு கூடை கிழங்குக்கு ஒரு கைப்பிடி மருந்து மிஞ்சும்! கடையில் ரொம்பச் சல்லிசாகக் கிடைக்கிற பொடியைச் சந்தேகப்படுவதற்கு இதுவே போதும்.

குமுளி தாண்டினால் மலையாளிகள் இந்தக் கிழங்கில் ஊறுகாய் போடுகிறார்கள். இலங்கையில் சிங்களவர்கள் 'ஹாத்தாவாரிய' என்று சொல்லி, இந்த இனத்துச் செடியின் இலையை அரைத்து விடியற்காலையில் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள். நேபாளத்தில் 'குரிலோ' என்ற பெயரில் இளங்குருத்தைக் கறியாகச் சமைக்கிறார்கள். நம்மவர்கள் மட்டும் இதைச் சமையலறைக்குள் விடாமல் மருந்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டோம். ஒருவகையில் நல்லதுதான்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: காயைத் தின்றால் கிழங்கின் குணம் வராது. அண்ணன் சம்பாதித்தால் தம்பி பாங்குக் கணக்கில் ஏறுமா?

இப்போது பெரிய கேள்வி, தாய்ப்பால்.

உத்தமபாளையம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். பிரசவமாகி இருபது நாள். பெண்ணோடு அவளுடைய அம்மாச்சியும் வந்திருந்தார். "ஐயா, பிள்ளைக்குப் பாலே ஊறலை. தண்ணீர்விட்டான் லேகியம் ரெண்டு டப்பா முடிஞ்சிருச்சு. இதுக்கு மேல வீரியமா ஒண்ணு கொடுங்க" என்றார். குழந்தையைப் பார்த்தேன். அழுகைகூடச் சோர்ந்துபோய் வந்தது. எத்தனை தடவை பால் கொடுக்கிறீர்கள் என்று அந்தப் பெண்ணைக் கேட்டால், "நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர். ராத்திரியில அம்மாச்சி பாட்டில்ல மாட்டுப்பால் கொடுத்துடுவாங்க, நான் தூங்கணும்னு" என்றாள். குழந்தை ஒரு நாளில் எத்தனை முறை ஒண்ணுக்குப் போகிறது? மூன்று தடவை.

எந்த லேகியத்தையும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் அனுப்பினேன். குழந்தை காம்பை மட்டும் கவ்விக்கொண்டு இருந்திருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிடித்துக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டிலை நிறுத்தி, இரவிலும் கொடுக்கச் சொல்லி, இரண்டு நாளைக்கு ஒரு முறை எடை பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் குழந்தை தேறியது. அதன்பிறகு அம்மாச்சி என்னிடம் வந்து, "ரெண்டு டப்பா லேகியம் இப்பத்தான் வேலை செய்யுது போல" என்றார்! நான் சிரித்துக்கொண்டேன்.

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். பால் ஊறுவது கிணறு ஊறுவது மாதிரி. இறைக்க இறைக்கத்தான் ஊறும். குழந்தை உறிஞ்சும் ஒவ்வொரு தடவையும் தாயின் மூளைக்கு 'இன்னும் வேண்டும்' என்று சேதி போகிறது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை வரை பால் கொடுக்க வேண்டும், இரவையும் சேர்த்து. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூட வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் வரும் மஞ்சள் சீம்பாலைப் பிழிந்து கொட்டுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து கொட்டாதீர்கள்.

பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மார்பு கனத்திருக்கிறதா, பிழிந்தால் வருகிறதா என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. முதல் வாரம் கழிந்த பிறகு குழந்தை ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால், பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்ப எட்டிவிட்டால், பால் போதுகிறது. அழுகிறது என்பதற்காகப் பால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, எடை ஏறாவிட்டாலோ, லேகியக் கடைக்குப் போகாமல் நேராகக் குழந்தை மருத்துவரிடம் போங்கள். அம்மாவுக்குத் தைராய்டு குறைவு இருந்தாலும் பால் குறையலாம், அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும்.

அப்படியானால் கிழங்கால் பிரயோஜனமே இல்லையா? அப்படிச் சொல்லவில்லை. ஆராய்ச்சிகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. 1996-ல் ஓர் இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வில், சதாவரி சேர்ந்த மருந்து கொடுத்த தாய்மார்களுக்கும், மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2011-ல் 60 தாய்மார்களிடம் செய்த இன்னோர் ஆய்வில், கிழங்கு சாப்பிட்டவர்களுக்குப் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் நன்றாகக் கூடியிருந்தது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். சித்த மருத்துவன் என்பதால் பிடித்த ஆய்வை மட்டும் உங்களிடம் சொல்லி, மற்றதை மறைப்பது சரியில்லை. என் அனுபவத்தில், பால் கொடுக்கும் முறையைச் சரிசெய்த பிறகு, மெலிந்து களைத்த தாய்க்கு இந்தக் கிழங்கைப் பாலில் காய்ச்சிக் கொடுத்தால் உடம்பு தேறுகிறது, மனசுக்கும் தெம்பு வருகிறது. முறையைச் சரிசெய்யாமல் கிழங்கை மட்டும் கொடுத்து ஒரு பலனையும் நான் பார்த்ததில்லை.

அளவு கேட்பவர்களுக்கு: சுத்தி செய்த கிழங்குச் சூரணம் ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 3 கிராம், ஒரு டம்ளர் பாலில் போட்டுக் கொதிக்கவைத்து, பனங்கற்கண்டு சேர்த்து, காலை மாலை இரு வேளை. இரண்டு வாரம் பார்த்து மேற்கொண்டு மருத்துவரைக் கேளுங்கள். அம்மாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் வெந்நீரில் கலக்கலாம்.

யாருக்குக் கூடாது? லேகியம் சர்க்கரையும் வெல்லமும் சேர்ந்தது, நீரிழிவுக்காரர்கள் தொடவேண்டாம். சிறுநீரகம் பழுதாகிக் காலில் நீர் கோத்திருப்பவர்கள், மார்பகத்திலோ கர்ப்பப்பையிலோ கட்டி இருப்பவர்கள், அதற்குச் சிகிச்சை எடுத்தவர்கள், மருத்துவர் சொல்லாமல் சாப்பிடக்கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே. சளி கட்டி இழுப்பு உள்ளவர்களுக்கு மழைக்காலத்தில் இந்தக் குளிர்ச்சி ஆகாது. வெள்ளைப்படுதலுக்கு என்று சொல்லி மாதக்கணக்கில் தாங்களாகவே சாப்பிடுகிறவர்கள் நிறைய. அரிப்பு, நாற்றம், உறவுக்குப் பின் இரத்தக்கசிவு, மாதவிலக்கு நின்ற பிறகு படுகிற இரத்தம் இவை இருந்தால் முதலில் பெண் மருத்துவரிடம் பரிசோதனை. கிழங்கு எங்கேயும் ஓடிப்போகாது.

இத்தனை சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் விட முக்கியமானதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

கண்டமனூர் பக்கத்திலிருந்து ஒருவர், தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று, மஞ்சப்பையில் கிழங்கு கொண்டுவந்து மேசையில் கொட்டினார். "கடையில பூராவும் கலப்படம்னு சொல்றாங்க. வீடியோ பார்த்து நானே வேலியில தோண்டிட்டேன். எப்படி அரைக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க டாக்டர்" என்றார். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கலப்பைக் கிழங்கு. கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வார்கள். பூத்தால் செங்காந்தள், நம் தமிழ்நாட்டின் மாநில மலர். அழகான பூ, கிழங்கோ கொடிய விஷம். அதிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சு முதலில் வாந்தி பேதியில் தொடங்கும். கொஞ்சம் தெளிந்தது மாதிரி இருக்கும்போதே ஒவ்வோர் உறுப்பாகச் செயலிழக்க வைக்கும். நம் மருத்துவமனைகளில் இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. தாய் சாப்பிட்டிருந்தால்? நினைக்கவே முடியவில்லை.

இரண்டும் வேலியில் படர்கிற கொடிதான். இரண்டுக்கும் கீழே கிழங்குதான். பழைய தாவரவியல் புத்தகங்களில் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். மழை இல்லாத காலத்தில் மேலே கொடி காய்ந்துவிட்டால், கிழங்கை மட்டும் பார்த்துப் புதியவர்கள் ஏமாறுவது சுலபம். ஆனால் தெரிந்துகொண்டால் வித்தியாசம் பளிச்சென்று இருக்கும். தண்ணீர்விட்டானில் முள் உண்டு, ஊசி ஊசியான பச்சை உண்டு, விரல் விரலாகக் கொத்துக் கிழங்கு உண்டு. கலப்பைக் கிழங்குக் கொடியில் முள் இல்லை, இலை அகலமாக, நுனி சுருள் கம்பியாகி எதையாவது பற்றிக்கொண்டிருக்கும். கிழங்கு கொத்தாக இருக்காது, ஏர்க்கலப்பை மாதிரி கோணலாக மடங்கி இருக்கும். யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல், மிச்சமுள்ள கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதைச் சொன்னது அடையாளம் தெரிந்தபிறகு நீங்களே தோண்டுவதற்காக அல்ல! மேகமலைக் காடுகளில் பளியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிழங்கு அறிந்தவர்கள். அந்தக் கண் நமக்கு ஒரு வீடியோவில் வந்துவிடாது. மேலும் மேகமலை 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக ஆகிவிட்டது. அனுமதியில்லாமல் காட்டுக்குள் போய்த் தோண்டினால் வழக்கு வரும். கொத்தோடு பிடுங்கினால் அந்தச் செடியும் அத்தோடு முடிந்தது.

அசல் வேண்டுமென்றால் வீட்டிலேயே வைக்கலாம். மூலிகை நாற்றுப் பண்ணையில் செடியாகவே கிடைக்கும். பெரிய சிமெண்ட் தொட்டி, மணல் கலந்த மண், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. ஏறுவதற்கு ஒரு கம்போ கம்பியோ நட்டுவிடுங்கள். வாரம் இரண்டு தடவை தண்ணீர் போதும், தேங்கினால் கிழங்கு அழுகும். மழைக்குப் பின் சின்னச் சின்ன வெள்ளைப் பூ பூத்து, மாடியே மணக்கும். கிழங்கு தேற ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். எடுக்கும்போது கொத்தில் பாதியை மட்டும் எடுத்துவிட்டு, மேல்தண்டோடு மிச்சத்தை மண்ணில் விட்டால் திரும்பத் தழைக்கும்.

அதுவரை கடையில் வாங்குகிறவர்கள், உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். வெள்ளை முஸ்லி என்று பக்கத்திலேயே இருக்கும் பொடி வேறு, மாற்றி எடுத்துவிடாதீர்கள். முழுக் கிழங்காகக் கிடைத்தால், வெளிறிய மஞ்சளில், நீளவாக்கில் சுருக்கம் விழுந்து, தோலும் நரம்பும் நீக்கியதாக இருக்க வேண்டும். பொடி ஈரத்தை இழுத்துக் கட்டிப்படும், பூஞ்சணம் பிடிக்கும். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக்கி மூடி, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுகிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.